அயர்லாந்துக்காரி

டிரெஸ்டன்
14-3-1973

அன்புள்ள உமாபதி,

உன் கதை வந்த வாரப் பத்திரிகை நேற்றுத்தான் என் கைக்குக் கிடைத்தது. இங்கே படிக்கும் குருமூர்த்திக்கு அவன் வீட்டிலிருந்து மாதம் ஒரு பத்திரிகைக் கட்டு வரும். அவன் படித்து, சிதம்பரம் படித்து, உன் அத்தான் படித்து, அட்டை கிழிந்த பிறகு எனக்கு வரும். இந்த ஊரில் இருக்கிற தமிழர்கள் ஆறு பேருக்கும் அந்த ஒரு கட்டுதான்.

கதையில் வருகிற மிஸ் டெலானி, நீ தங்கியிருக்கும் வீட்டு மாடியில் குடியிருப்பவள்தானே? கல்யாணம் செய்துகொண்டால் அரசாங்க வேலையை விட்டுவிட வேண்டும் என்பதால் பதினோரு வருஷமாகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, நிச்சயித்தவனோடு ஞாயிறுதோறும் கடற்கரைச் சுவர் வரை நடந்துபோய்த் திரும்பி வருகிறாள் என்று எழுதியிருக்கிறாய். நிஜமாகவே டப்ளினில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா, இல்லை நீ கட்டிவிட்டதா? படித்துவிட்டு எனக்கு அழுகை வந்தது, போ.

இங்கே எல்லாம் தலைகீழ். காலை ஏழு மணிக்கு மேல் இந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒரு பெண்பிள்ளை இருக்க மாட்டாள். எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது நானும், கீழ்வீட்டு ஃப்ராவ் லிண்ட்னரும்தான். ஃப்ராவ் என்றால் இங்கே திருமதி. அவள் ஓய்வு பெற்றவள். கட்டடத்துக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் பெயர் எழுதிவைக்கும் நோட்டு அவளிடம்தான் இருக்கிறது. குருமூர்த்தி பத்திரிகை கொடுக்க வந்தாலும் அதில் ஏற வேண்டும். அவளோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவித்தான் நான் ஜெர்மன் கற்றுக்கொண்டேன். வேலைக்குப் போகாத பெண் என்று என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

நாலு வருஷம் ஆயிற்று, உமா. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த கையால் நாலு வருஷமாகக் காலையில் உப்புமாவும் ராத்திரி ரசமும் செய்கிறேன். இதையெல்லாம் யாரிடம் சொல்வது, உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் எட்டாம் தேதி பெண்கள் தினம் என்று உன் அத்தானுடைய பல்கலைக்கழகத்தில் கேக் கொடுத்தார்கள். அங்கே டாக்டர் ஹெம்பல் என்று ஒரு அம்மாள். சாய ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி. பேச்சுவாக்கில் நான் காலேஜில் என்ன செய்தேன் என்று கேட்டாள். சொன்னேன். முந்தாநாள் கடிதம் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஆராய்ச்சி உதவியாளராகச் சேரலாம். பிறகு அங்கேயே டாக்டர் பட்டத்துக்கும் பதிந்துகொள்ளலாம். ஜூலை முடிவதற்குள் சம்மதம் எழுத வேண்டும்.

கடிதம் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்தக் கம்யூனிஸ்ட் நாட்டில் தபாலைப் பிரித்துப் படிப்பார்கள் என்று குருமூர்த்தி பயமுறுத்துகிறான். படிக்கட்டும். ஹாலே என்ற ஊரில், பாதிரிமார் அனுப்பிய இருநூறு வருஷத்துக்கு முந்திய தமிழ்க் கடிதங்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். என் அரிசி டப்பாவையும் அங்கே சேர்த்துவிடுவார்கள்.

உன் அக்கா,
சந்திரா


டப்ளின்
1-4-1973

அன்புள்ள அக்கா,

சட்டம் நிஜம். நான் கட்டவில்லை. இங்கே கல்யாணமான பெண்ணுக்கு அரசாங்க ஆபீசில் நாற்காலி கிடையாது. மிஸ் டெலானி நேற்றுக்கூட நனைந்த கோட்டோடு வந்து, குளியலறைக் கம்பியில் அதைத் தொங்கவிட்டு, அடியில் பத்திரிகைத் தாள் விரித்துவைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்காரி மிஸஸ் டியர்னிக்குத் தரையில் தண்ணீர் சொட்டினால் பிடிக்காது. வெள்ளிக்கிழமை மீன், ஆறு மணிக்கு டெலிவிஷனில் மாதா கோயில் மணி, எட்டு மணிக்கு மேல் வெந்நீர் கிடையாது. ஐந்து பேர் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். ஒருவருக்கொருவர் உப்பை நகர்த்துவது தவிர வேறு பேச்சில்லை. எழுத இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

படிப்பைப் பற்றிக் கேட்காதே. மூன்றாம் வருஷப் பரீட்சையில் மறுபடியும் கோட்டை விட்டேன். அப்பாவுக்கு நான் நாலாம் வருஷம் என்று நினைப்பு. நீ சொல்லிவிடாதே.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அத்தானிடம் சொல்லிவிடு, அக்கா. பயப்படாதே. அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எல்லாவற்றையும் விவரமாக எழுது. உன் கடிதம் படிக்கும்போது அந்த வீடே கண்ணில் தெரிகிறது.

உமாபதி


டிரெஸ்டன்
6-5-1973

அன்புள்ள உமாபதி,

நீ பரீட்சையில் தோற்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் அத்தானுக்கும் தெரியாது. அதைப் பற்றிக் கவலைப்படாதே, படி.

சொல்லிவிட்டேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். சிரித்தார்.

"யாரு வேண்டாம்னா, சந்திரா? பட் யோசிச்சுப் பாரு. ஒரு வீட்டுக்கு ஒரு சயின்டிஸ்ட் போதும்."

"நீங்க கையெழுத்துப் போடவேண்டாம். என் கையெழுத்து போதும்னு டாக்டர் ஹெம்பல் சொல்றா" என்றேன்.

"கண்மணிக்கு வரன் பாக்கற டைம் இது. அக்கா ஃபாரின்ல வேலைக்குப் போறான்னா, அவ புருஷனுக்கு என்ன ஆச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்க. உன் தங்கச்சிக்காகவாவது நினைச்சுப் பாரு" என்றார். கை கழுவிவிட்டு, அந்தக் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்காமல் தூங்கப் போய்விட்டார்.

உமா, உனக்கு மட்டும் சொல்கிறேன். உன் அத்தானுடைய ஆராய்ச்சிக் கட்டுரையை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு வருஷமாக முடியவில்லை. நான் இப்போது சேர்ந்து, அவருக்கு முன்னால் பட்டம் வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். அது எனக்குப் புரிகிறது. புரிவதனால்தான் கோபப்படவும் முடியவில்லை.

மறுநாள் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஆபீஸ் மேஜையில் வைத்துப் பூட்டப்போவதாகச் சொல்லி எடுத்துப்போனார். பத்திரமாக இருக்குமாம். தன் வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது, ஒரு வாரத்துக்கு உன்னுடையதைக் கொடு என்று அதையும் வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் ஆகிறது. எங்கள் கதவு இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும். வெளியே போக எனக்குத் தடையில்லை. திரும்பி உள்ளே வரத்தான் முடியாது. இன்னும் நான் எதையும் முடிவு செய்யவில்லை. ஜூலைவரை இருக்கிறது.

சந்திரா


டப்ளின்
3-6-1973

அன்புள்ள அக்கா,

சுருக்கமாகத்தான் எழுதுகிறேன், செப்டம்பரில் மறு பரீட்சை.

ஒரு செய்தி. இந்த நாட்டு அரசாங்கம் அந்தச் சட்டத்தை எடுக்கப்போகிறதாம். ஜூலை முடிவிலிருந்து கல்யாணமானவளும் வேலையில் இருக்கலாம். மேஜையில் எல்லோரும் மிஸ் டெலானிக்குக் கைகொடுத்தோம். அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொன்னாளாம். அவன், "இப்ப என்ன அவசரம், பழகிப்போச்சே" என்றானாம். மிஸஸ் டியர்னி சமையலறையில் என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

இன்னொரு செய்தி. புதுக்கதை ஒன்று போன மாதம் அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் எனக்கே கடிதம் எழுதிப் பாராட்டியிருக்கிறார். நான் எழுதியதிலேயே இதுதான் உருப்படியானது. உனக்குப் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். கட்டு வரும்போது படி.

உமாபதி


டிரெஸ்டன்
22-7-1973

உமாபதிக்கு,

கட்டு வந்தது. படித்தேன். நான் படிக்கவில்லை, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை குருமூர்த்தி கொண்டுவந்து கொடுத்தான். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். உன் அத்தான் "உன் தம்பி மறுபடியும் எழுதியிருக்கான், கேளு" என்று உரக்கப் படிக்க ஆரம்பித்தார். டப்ளினில் பிரீடா கின்செல்லா என்று ஒருத்தி. புருஷன் பஸ் கம்பெனி குமாஸ்தா. பிஸ்கட் தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடத்திலிருந்து அவளுக்கு வேலைக்குக் கடிதம் வருகிறது. அதை ஜெபப் புத்தகத்துக்குள் ஒளித்துவைக்கிறாள். அந்த இடம் வந்ததுமே அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ கெட்டிக்காரன். அரிசி டப்பாவை ஜெபப் புத்தகமாக்கினாய். சாவியைக் குடையாக்கினாய், குடை இல்லாமல் அந்த மழையில் அவளால் வெளியே போக முடியாது என்று. மோரை டீயாக்கினாய். உன் அத்தானுக்கு ஒன்றும் தெரியவில்லை. "நல்லா எழுதறான்" என்று சொல்லிக்கொண்டே படித்தார். பிழைத்தோம் என்று நான் நினைத்தேன்.

அப்புறம் அந்தக் கோயில் காட்சி வந்தது. பிரீடா புருஷனுக்காகப் பூசை வைக்கப் போகிறாள். பாதிரியார் உன் கணவர் பெயர் என்ன என்று கேட்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நிற்கும் அடுத்த வீட்டுக்காரியைப் பார்க்கிறாள். அவள், "டெக்லன், ஃபாதர்" என்று சொல்கிறாள்.

உன் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "இவ எந்த ஊர் வெள்ளைக்காரி? நெல்லையப்பர் கோயில்ல அர்ச்சனைத் தட்டோட நிக்கறவ மாதிரின்னா நிக்கறா" என்றார். இங்கே மாடிப்படியில் ஒவ்வொருத்தியும் புருஷனைப் பெயர் சொல்லிக் கத்துவதை நாலு வருஷமாகக் கேட்கிறவர். சென்னையில் ஆசிரியருக்கும் தெரியவில்லை, அச்சுக் கோத்தவனுக்கும் தெரியவில்லை, உன் அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. முதல் பக்கத்துக்குத் திருப்பினார். மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை மனதுக்குள் படித்தார். நான் நறுக்கிய பீன்ஸையே மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் உரக்கப் படித்தார். பிரீடா அந்தக் கடிதத்தை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, டீக்குத் தண்ணீர் வைக்கிறாள். கதை முடிந்தது.

"நல்ல முடிவு" என்றார். "உன் தம்பிக்கு எல்லாத்தையும் எழுதியிருக்க. அவன் இப்படி முடிச்சிருக்கான்னா, நீ டிசைட் பண்ணிட்டேன்னுதானே அர்த்தம்? என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமே இல்லை. நிம்மதியாக இருந்தார்.

நேற்று சாய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. குடும்பக் காரணங்களால் சேர இயலாது என்று நான் எழுதியனுப்பியதற்கு வருத்தம் தெரிவிக்கிறார்களாம். நான் எதுவும் எழுதவில்லை. டைப் அடித்து, கீழே ஃப்ராவ் சுவாமிநாதன் என்று யார் போட்டிருப்பார்கள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் அந்தக் கடிதத்தை அடுப்பில் போடவில்லை, உமாபதி. அது அரிசியில்தான் இருந்தது. நான் சரி என்று எழுதியிருப்பேனா, மாட்டேனா, எனக்கே தெரியாது. எனக்குத் தெரிவதற்குள் நீ எப்படி முடித்தாய்? உன் தோல்வியை நான் என் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டேன். என்னுடையதை நீ அச்சுக்குக் கொடுத்தாய்.

எழுதுவதானால் ஃப்ராவ் லிண்ட்னர் விலாசத்துக்கு எழுது. எங்கள் வீட்டுத் தபால்பெட்டிச் சாவியும் இப்போது என்னிடம் இல்லை.

சந்திரா


டப்ளின்
4-8-1973

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் செய்தது துரோகம். வேறு வார்த்தை போட்டு அதை அழகாக்கப் போவதில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது எனக்கு நீ தெரியவில்லை, பிரீடாதான் தெரிந்தாள். கடைசிப் பக்கம் எப்படி வந்தது என்றும் தெரியாது. அவள் வேலைக்குப் போய்விட்டாள் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. இந்த ஊரில் யாரும் எங்கேயும் போவதை நான் பார்க்கவில்லை. மிஸ் டெலானியும் அவனும் போன ஞாயிறுகூட அதே சுவர் வரை போய்த் திரும்பி வந்தார்கள்.

நீ இங்கே வந்துவிடு, அக்கா. எப்படியாவது பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு பெர்லின் வந்துவிட்டால் அதற்கு மேல் நான் ஏற்பாடு செய்கிறேன். மிஸஸ் டியர்னியிடம் பின்கட்டு அறை காலியாக இருக்கிறது. நான் காலேஜுக்குப் போய்வருவேன், நீ நிம்மதியாக வீட்டில் இருக்கலாம்.

வேண்டுமானால் பிரீடாவுக்கு இரண்டாம் பாகம் எழுதுகிறேன். அவள் போகிறாள் என்று எழுதுகிறேன்.

உமாபதி


டிரெஸ்டன்
23-9-1973

அன்புள்ள உமாபதி,

உன்மேல் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. முழுக்க ஆறவில்லை.

டப்ளினுக்கு நான் வரவில்லை. நிம்மதியாக வீட்டில் இருக்கலாம் என்கிறாயே, அதைத்தான் நாலு வருஷமாக இங்கே செய்கிறேன். அதற்குக் கடல் தாண்ட வேண்டுமா?

ஆகஸ்ட் இருபதாம் தேதி கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே போனேன். சாயங்காலம் ஆறு மணிவரை இனி உள்ளே போக முடியாது. டிராமில் ஏறி டாக்டர் ஹெம்பலைப் போய்ப் பார்த்தேன். அந்தக் கடிதம் நான் எழுதியதல்ல என்று சொன்னேன். அவள் ஃபைலைத் திறந்து அதை என் முன்னால் வைத்தாள். "ஃப்ராவ் சுவாமிநாதன், இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் செப்டம்பர்வரை இன்னொன்று இல்லை" என்றாள்.

"இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டேன். அப்படிக் கேட்பேன் என்று நானே நினைக்கவில்லை.

குடுவை கழுவும் இடத்தில் ஒரு ஆள் வேண்டும் என்றாள். எம்.எஸ்ஸி. படித்தவளிடம் அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் தேதியிலிருந்து போகிறேன். காலை ஏழிலிருந்து நாலு மணிவரை. குடுவையின் அடியில் ஒட்டியிருக்கிற சாயத்தைப் பார்த்தே அவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது. நாலு மணிக்கு மேல் உன் அத்தான் வரும்வரை ஃப்ராவ் லிண்ட்னர் சமையலறையில் உட்கார்ந்திருப்பேன். அவள் இல்லாத நாளில் படிக்கட்டில். சாவி இன்னும் கிடைக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. ஆனால் அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். எழுதிய கடிதத்தை மேஜைமேல் திறந்துவைத்துவிட்டுத்தான் ஒட்டினார், நான் படிக்க வேண்டும் என்றே. எனக்கு மனசு சரியில்லையாம். ஊர் ஏக்கமாம். ஏதேதோ உளறுகிறேனாம், பாத்திரம் கழுவும் வேலைக்கெல்லாம் ஓடுகிறேனாம். டிசம்பரில் பாளையங்கோட்டையில் கொண்டுவந்து விடுகிறாராம், நல்ல டாக்டராகப் பார்த்து வைக்க வேண்டுமாம்.

இப்போது புரிகிறதா? டிசம்பரில் அப்பா வாசலில் வந்து இறங்கினால் நான் பைத்தியம். அதற்கு அப்புறம் நான் எதைச் சொன்னாலும் தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிப் படுக்கப்போடுவார்கள். அப்பாவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். "மாப்பிள்ளை சொல்படி கேட்டு உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா" என்று பதில் வந்திருக்கிறது. என் எழுத்தை அவர் நம்பவில்லை. ஆனால் அச்சில் வந்தால் அப்பா எதையும் நம்புவார். உன் கதை வரும் பத்திரிகையைத் தெருவெல்லாம் காட்டுகிறவர்.

அதனால் எழுது. நடந்ததை நடந்தபடி எழுது. டப்ளின் வேண்டாம், டிரெஸ்டன் என்று போடு. பிரீடா வேண்டாம், சந்திரா என்று போடு. பாஸ்போர்ட்டை எழுது, சாவியை எழுது, யாரோ போட்ட கையெழுத்தை எழுது. உன் அத்தான் பெயரையும் போடு, நான் சொல்கிறேன், சுவாமிநாதன் என்று போடு. அவமானம் எனக்குத்தானே, நான் பட்டுக்கொள்கிறேன். டிசம்பருக்கு முன்னால் வந்தால்தான் எனக்கு உபயோகம். அப்பா ஒரு வரி மாப்பிள்ளைக்குக் கடுமையாக எழுதினால் போதும், என்னை இங்கேயே விட்டுவிடுவார்.

இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

சந்திரா


டப்ளின்
7-10-1973

அன்புள்ள அக்கா,

பரீட்சை முடிந்தது. இந்தத் தடவை தேறிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் டிரெஸ்டன் என்று போட்டேன். சந்திரா என்றும் போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஒவ்வொரு நாளும் உட்கார்கிறேன். பிரீடா என்றால் ஒரே ராத்திரியில் பத்துப் பக்கம் எழுதுகிறவன், உன் பெயரை வைத்துக்கொண்டு பத்து நாளாக ஒரு பக்கம் எழுத முடியவில்லை. நான் இத்தனை நாளும் அயர்லாந்துக்காரர்களைப் பற்றி எழுதியது அவர்களைப் புரிந்துகொண்டதனால் இல்லை, அவர்கள் தமிழ் படிக்க மாட்டார்கள் என்பதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அப்பாவின் கடிதம் வந்தது. கண்மணிக்குத் தூத்துக்குடியில் இடம் கூடிவந்திருக்கிறதாம். தை மாதம் முகூர்த்தம். பையனின் அப்பா நம் பத்திரிகையை விடாமல் வாங்குகிறவராம், கதை எழுதுகிற உமாபதியின் தங்கை என்றதும்தான் சம்மதித்தாராம். அப்பா அதைப் பெருமையாக எழுதியிருக்கிறார். இந்த நேரத்தில் உன் பெயரும் அத்தான் பெயரும் அச்சில் வந்தால் அந்தக் கல்யாணம் என்ன ஆகும் என்று நீயே யோசித்துப் பார்.

நான் உன்னைக் கைவிடவில்லை, அக்கா. எல்லாவற்றையும் எழுதுகிறேன். பாஸ்போர்ட், கதவு, கையெழுத்து, குடுவை கழுவுவது, ஒன்றையும் விடமாட்டேன். பிரீடாவுக்கு அடுத்து என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்பதாக ஆசிரியரும் எழுதியிருக்கிறார். அப்பா படித்தால் உள்ளுக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

பெயர் மட்டும் பிரீடா என்றே இருந்துவிடட்டுமே, அக்கா.

உமாபதி